கண்டக்டர் வாங்கிய முழு மதிப்பெண்

சொன்ன பேச்சைக் கண்டக்டர் கேட்கவில்லை, அதனால்தான் பத்தொன்பது பேர் செத்தார்கள் என்று கம்பெனி சொன்னது. வெறும் வாயால் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொன்னது. கம்பெனித் தொலைபேசியில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அந்தப் பதிவில் ஒரு பெண், எல்லாரையும் மேலே ஏற்றிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஓர் ஆண் சிரிக்கிறார். கெஞ்சியவள் கம்பெனியின் சமூகத் தொடர்பு அலுவலர். சிரித்தவர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன், கண்டக்டர். அந்தப் பத்தொன்பது பேரில் அவரும் ஒருவர்.

செத்துப்போனவர் எழுந்து வந்து எதிர்க்கேள்வி கேட்கப் போவதில்லை. பழியை இறக்கிவைக்க இதைவிடத் தோதான இடம் யாருக்குக் கிடைக்கும்?

விசாரணைக்கு முந்தின நாள் கம்பெனி வக்கீல் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார்.

“நீங்க அதிகமா ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேடம். பதிவைப் போட்டுக் காட்டுவாங்க. உங்க குரல்தானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. அவ்வளவுதான், வீட்டுக்குப் போயிடலாம்.”

“அதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசினேனே சார்?”

“எப்போ?”

“சோதனைக்குப் பேசினது.”

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “அப்படி ஒண்ணு நடந்ததா எங்க பக்கம் எதுவுமே இல்லையே. தெருக்காரங்க ஏதோ சொல்லிட்டுத் திரியறாங்க. துக்கத்துல இருக்கறவங்க ஆயிரம் சொல்வாங்க. நீங்க படிச்சவங்க, நீங்களும் அதையே பேசலாமா?”

பேசினால் வேலை போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற வயது அவளுக்கு. பேசாவிட்டால் அண்ணன் பெயருக்கு நேரே காலத்துக்கும் அந்தப் பழி நிற்கும் என்பதும் புரிந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

நடந்தது என்ன என்பதை நேராகவே சொல்லிவிடலாம். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

சமையல் எரிவாயுவைப் பெரிய உருண்டைத் தொட்டிகளில் நிரப்பி, அங்கிருந்து குழாய் வழியே ஊர் ஊராக அனுப்புவது அந்தக் கம்பெனியின் தொழில். தொட்டிகள் மேட்டில் இருந்தன. மேட்டிலிருந்து இறங்கும் சரிவில் ஒரு தெரு, தெருவுக்குக் கீழே ஒரு பள்ளம். தெருவில் குடியிருந்தவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறவர்கள். தொட்டிகள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள் என்பதுதான் அவர்களிடம் இருந்த ஒரே செல்வாக்கு. காற்று திரும்பினால் அழுகின வெங்காயம்போல் ஒரு நாற்றம் வரும். முதலில் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு பழகிவிட்டது.

அவள் அந்தத் தெருவில் பிறந்தவள். அதனாலேயே கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது. கம்பெனி சொல்வதைத் தெருவுக்குப் புரியவைக்க வேண்டும், தெரு கத்துவதைக் கம்பெனிக்கு நோகாமல் சொல்ல வேண்டும். தெருவுக்குப் போனால் கம்பெனிக்காரி, கம்பெனிக்கு வந்தால் தெருக்காரி. இரண்டு பக்கமும் இடி வாங்கியே அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அவளுக்கு மேலதிகாரி, பொறுப்புத் துறையின் தலைவர். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் கம்பெனி ஒழுங்காக நடக்கிறது என்று உலகத்துக்குக் காட்டுவது அந்தத் துறையின் வேலை. வாய் திறந்தால் பசுமை, பசுமை என்பார். அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் பசுமை சார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கடைநிலை ஊழியரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தன் காரை அனுப்புவார். ஒரு நல்ல காரியம் செய்தால் அதை யாராவது பார்த்து மதிப்பெண் போட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குறை அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிது என்பது பிற்பாடு தெரிந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் பெரிய முதலீட்டாளர்கள் கையெழுத்துப் போடுவார்கள். மரக்கன்று நட்டதில் சுற்றுச்சூழலுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. நிர்வாகத்துக்கும் குறைவில்லை. சமூகம் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து ஜனங்கள் எங்கே போவார்கள், அவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டபோது கம்பெனியிடம் பதில் இல்லை.

உடனே பதில் கட்டப்பட்டது. தெருவுக்குக் கீழே இருந்த பள்ளம் கம்பெனி நிலம், வேறு எதற்கும் உதவாத நிலம். அதைச் சமப்படுத்திப் புல் வைத்து, பெஞ்சு போட்டு, குழந்தைகளுக்கு ஊஞ்சல் மாட்டி, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். ஆபத்துக் காலத்தில் எல்லாரும் வந்து கூடுமிடம் என்று பலகையும் வைத்தார்கள். திட்டம் பேசிய கூட்டத்தில் நிலையப் பொறியாளர் மட்டும் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“இந்த கேஸ் காத்தைவிடக் கனம் சார். லீக் ஆனா கீழதான் இறங்கி நிக்கும்.”

“லீக் ஆகாம பாத்துக்கத்தானே உங்களை வெச்சிருக்கோம்?” என்றார் பசுமை சார். எல்லாரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். அந்த அறையில் அவளும் இருந்தாள்.

பிறகு ஒத்திகைகள் தொடங்கின. சைரன் ஒலித்தால் போட்டது போட்டபடி போட்டுவிட்டுப் பூங்காவுக்கு வர வேண்டும். முதல் ஒத்திகையே கோளாறாக முடிந்தது. வீட்டுப் பக்கம் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ போனில் கிளப்பிவிட, ஜனங்கள் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு ஓடினார்கள். நெரிசலில் ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த விதி வந்தது. கூடியவர்கள் யார் சொன்னாலும் நகரக் கூடாது. போனில் வரும் செய்தியை நம்பக் கூடாது. தலையை எண்ணிச் சரிபார்த்து, விட்டுவிட்டு ஒலிக்கும் இரண்டாவது சைரன் வந்தால்தான் கலைய வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயமான விதிதான். அவள்தான் வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

தலையை எண்ண ஓர் ஆள் வேண்டுமே என்றபோது தெருவே ஒரே குரலில் அவளுடைய அண்ணனைக் கைகாட்டியது. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் போன வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூடத் தலையை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். இத்தனைக்கும் வீட்டில் இருந்தது அவரும் அண்ணியும் மட்டும்.

“ரெண்டு பேர்தான் இருக்கோம். இதுல என்னத்த எண்ணுறீங்க?” என்பாள் அண்ணி.

“எண்ணாம விட்டாத்தான் ஆள் குறையும்” என்பார் அவர்.

கம்பெனி அவருக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டையும் கையில் பிடிக்கும் பேட்டரி மைக்கும் கொடுத்தது. விசில் அவரிடமே இருந்தது. ஒத்திகை நாளன்று அவரைப் பார்க்க வேண்டுமே, பழைய மிடுக்கு முழுசாகத் திரும்பி வந்திருக்கும். “உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசல்லயே நிக்காதீங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு” என்று மைக்கில் அவர் சொன்னால் தெருவே சிரிக்கும். சிரித்துக்கொண்டே உள்ளே போகும். அவருக்கு அடங்காத ஆள் ஒருத்திதான். தெருக்கோடியில் இருந்த தையல்காரம்மா. சைரனாவது கியிரனாவது, எனக்கு நாளைக்குத் துணி கொடுத்தாகணும் என்று மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு தலை குறையும். கண்டக்டருக்கு அது தீராத மனக்குறை.

அந்த வருடம் வந்த மதிப்பீட்டாளர் கறாரான பெண்மணி. பூங்காவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். ஜனங்கள் விதியை மனசில் வாங்கியிருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒத்திகை நடக்கும்போது நம்பகமான ஒருவர் போன் செய்து கலைந்து போகச் சொல்லட்டும், என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இதுதான் அவர் வைத்த சோதனை.

“நம்பகமான ஆள்னா நீங்கதாம்மா” என்றார் பசுமை சார். “உங்க அண்ணன்தானே அங்க இருக்காரு? உங்க போன்லயே பேசிடுங்க.”

அவள் பேசினாள். ஒத்திகை சைரன் அடித்து, தெரு பூங்காவில் கூடியிருந்த நேரம். அலுவலக அறையில் மதிப்பீட்டாளரும் பசுமை சாரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு.”

“சைரன் வரலையே பாப்பா.”

“நான் சொல்றேன்ல. போகச் சொல்லு.”

“நீ சொன்னா? ரெண்டாவது சைரன் வரட்டும். நீதானே சொல்லிக் கொடுத்த?”

மதிப்பீட்டாளர் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும்படி கையால் சைகை காட்டினார். பசுமை சார் ஒரு தாளில் ஏதோ கிறுக்கி அவள் பக்கம் நகர்த்தினார். ‘அழுங்க’ என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் பள்ளிக்கூட நாடகங்களில் அழுது பரிசு வாங்கியவள் அவள். தொடங்கிய பிறகு தானாக வந்தது.

“அண்ணா, இது ஒத்திகை இல்லண்ணா. நிஜமாவே லீக் ஆயிடுச்சு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வா. என் மேல சத்தியமா சொல்றேண்ணா.”

அண்ணனுக்கு உள்ளூர ஆடிப்போயிருக்க வேண்டும். பிறகு அவர் போனை மைக்கில் வைத்தார். தங்கை அழுவது பூங்கா முழுக்கக் கேட்டது. அண்ணியும் அங்கேதான் நின்றிருந்தாள். நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். கண்டக்டர் விசிலை ஊதினார்.

“உக்காருங்க. யார் சொன்னாலும் நகரக் கூடாதுன்னா, என் தங்கச்சி சொன்னாலும் கூடாது.”

மதிப்பீட்டாளர் எழுந்து நின்று கைதட்டினார். சாயங்காலம் பூங்காவுக்கே வந்து, இது ஒரு சோதனை, இதில் நீங்கள் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள் என்று சொன்னார். தெரு ஆரவாரம் செய்தது. பசுமை சார் கண்டக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்த தங்கையை அண்ணன் ஒரு பாடு கேலி செய்தார்.

“என்னமா அழற நீ! பாதி நம்பிட்டேன்.”

“அப்புறம் ஏன் நகரல?”

“பஸ்ஸுல எத்தனை அழுகையைப் பாத்திருப்பேன்? அழுதா பஸ்ஸை எடுத்துட முடியுமா? ஆள் எல்லாம் ஏறினாத்தான் ரைட்டு.”

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “சத்தியமெல்லாம் ஏன் பண்ணின?” என்று கேட்டாள். “விளையாட்டுக்குத்தானே அண்ணி” என்றாள் அவள்.

அந்த வருடம் சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனிக்கு ஒரு விருது வந்தது. அதை வாங்கப் பசுமை சார் விமானத்தில் போய் வந்தார். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள் ஆனபோது ஒரு காலை நேரத்தில் மூன்றாவது தொட்டியின் அடியில் ஒரு குழாய் இணைப்பு பிளந்தது. நிலையத்துக்காரர்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள். முதல் சைரனை அடித்தார்கள். எங்காவது பொறி தட்டிவிடக் கூடாது என்று மின்சாரத்தை முழுக்க நிறுத்தினார்கள். மின்சாரம் நின்றதும் சைரனும் செத்தது. தெரு வழக்கம்போல அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளத்துக்கு இறங்கிப் போய் வரிசையாக உட்கார்ந்தது. ஓடவில்லை, நெருக்கவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. சொல்லிக் கொடுத்தபடி அச்சுப் பிசகாமல் நடந்தார்கள். மேட்டிலிருந்து வெள்ளையாக ஒரு மூட்டம் தரையோடு தரையாக அவர்கள் பின்னாலேயே இறங்கி வந்தது.

அவள் அப்போது நகரத்தில் இருந்த தலைமை அலுவலகத்தில் இருந்தாள். மேசைத் தொலைபேசி அடித்தது. பொறியாளர் பேசினார், மூச்சு வாங்கியது.

“லீக் ஆயிடுச்சு மேடம். கேஸ் எல்லாம் பூங்காவுக்குப் போகுது. நடுவுல எங்களால போக முடியல. சைரன் இல்ல. உங்க அண்ணனுக்குப் போன் பண்ணுங்க. எதிர்ப்பக்க மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க, தெருப் பக்கம் வேண்டாம், பின்பக்க மதிலைத் தாண்டி. சீக்கிரம்.”

அவள் அதே தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். ஓர் எண் தவறிப்போய் மறுபடியும் அழுத்தினாள். அண்ணன் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“அண்ணா, எல்லாரையும் மேல ஏத்து. பின்பக்க மதில் வழியா. இப்பவே.”

“வந்துட்டியா? என்னடா இன்னும் காணோமேன்னு பாத்தேன்” என்றார் அண்ணன். “சைரன் வரலையே பாப்பா.”

“சைரன் வராதுண்ணா. கரண்ட்ட நிறுத்திட்டாங்க.”

“இது புதுசா இருக்கே. போன தடவை இவ்வளவு யோசிக்கலையே நீங்க.”

“இது ஒத்திகை இல்ல. நிஜமாவே லீக் ஆயிடுச்சு.”

“போன தடவையும் இதையேதான் சொன்ன.”

உண்மைதான். இதையேதான் சொல்லியிருந்தாள். வேறு என்ன சொல்லலாம் என்று தேடினாள். சொல்லக்கூடியதையெல்லாம் போன தடவையே செலவழித்துவிட்டிருந்தாள்.

“தரையைப் பாருண்ணா. வெள்ளையா ஏதாவது தெரியுதா?”

“ஆமா, புகையெல்லாம் விட்டு நிஜம் மாதிரியே பண்றாங்க. பசங்க கால விட்டு ஆடுதுங்க. ஜில்லுனு இருக்காம்.”

அவள் அழ ஆரம்பித்தாள். “என் மேல சத்தியமா சொல்றேண்ணா. ஓடு. எல்லாரையும் கூட்டிட்டு ஓடு.”

“நாங்க ரெடி பாப்பா. தையல்காரம்மாதான் இன்னும் வரல. அந்த ஒரு தலை வந்தாச்சுன்னா இந்தத் தடவை ஒரு குறையும் சொல்ல முடியாது.” பிறகு அவர் மைக்கில் பேசுவது கேட்டது. “எல்லாரும் கேட்டுக்குங்க. என் தங்கச்சி போன்ல அழறா. ஓடச் சொல்றா. நாம என்ன பண்ணணும்?”

“நகரக் கூடாது” என்று கூட்டம் சேர்ந்து சொன்னது. அதில் பிள்ளைகளின் குரல்தான் முன்னால் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

“நீ கவலப்படாத” என்றார் அண்ணன், தணிந்த குரலில், அவளுக்கு மட்டும். “உன் பேரைக் கெடுக்க மாட்டோம்.”

பதிவு அதோடு முடிகிறது. பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மதில் ஓரமாக உட்கார்ந்திருந்த சிலர் உடம்பெல்லாம் வெந்து பிழைத்தார்கள். அண்ணி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்பவள், காலை முறைக்குப் போயிருந்ததால் தப்பினாள். கருகிக் கொண்டுவரப்பட்டவர்களைச் சுற்றிய விரிப்புகள் அவள் கைக்குத்தான் வந்தன. தையல்காரம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெருக்காரர்கள் கட்டுப்போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி முன்வரிசையில் இருந்தாள். பசுமை சார் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். பொய்யில்லை, அவர் நிஜமாகவே பத்து நாளாக அழுதுகொண்டிருந்தார். வக்கீல் பதிவைப் போட்டார். ‘நகரக் கூடாது’ என்று பிள்ளைகள் கத்திய இடத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள்.

“இது உங்க குரல்தானே?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“ஆமா.”

“வெளியேறச் சொல்லி நீங்க தெளிவா சொன்னீங்க. உங்க அண்ணன் கேக்கல. இல்லையா?”

வக்கீல் அவளையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“கேக்க முடியாதபடி நாங்கதான் பண்ணி வெச்சிருந்தோம் சார்” என்றாள் அவள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மதிப்பீட்டாளர் வைத்த சோதனையைச் சொன்னாள். தன் சொந்தப் போனில் அண்ணனிடம் பொய் சொன்னதை, அழச் சொல்லித் தாளில் எழுதிக் காட்டியதை, தான் அழுததை, சத்தியம் செய்ததை, அதற்குக் கைதட்டல் வாங்கியதைச் சொன்னாள். கனமான வாயு பள்ளத்தில் இறங்கும் என்று பொறியாளர் சொன்னதையும் எல்லாரும் சிரித்ததையும் சொன்னாள். யார் பக்கமும் திரும்பவில்லை.

அதிகாரி பசுமை சாரைக் கேட்டார். அவர் எழுந்து நின்று, அப்படி ஒரு போன் பேசியதாகத் தனக்கு நினைவில்லை என்றார். “மக்கள்கிட்ட பேசறது முழுக்க முழுக்க இவங்க பொறுப்பு சார். நாங்க அதுல தலையிடறதே இல்ல.” மதிப்பீட்டாளரின் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பதில் அனுப்பியிருந்தது. சோதனை முறைகள் ரகசியமானவை என்றது அது. பொறியாளர் விசாரணைக்கு வந்திருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, அப்படிப் பேசியதாக ஞாபகம் வரவில்லை சார் என்றார். அவருக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர்.

வக்கீல் பதறவே இல்லை. நிதானமாக எழுந்தார்.

“அப்போ உங்க அண்ணன் உங்களை நம்பாததுக்குக் காரணம் நீங்க முன்னாடி அவர்கிட்ட சொன்ன பொய். சரிதானே மேடம்?”

“சரிதான்.”

“அந்தப் பொய்யைச் சொன்னது நீங்க. உங்க போன்ல. உங்க வாயால.”

“ஆமா.”

“எனக்கு வேற கேள்வி இல்ல” என்று வக்கீல் உட்கார்ந்தார். கம்பெனி தேடிக்கொண்டிருந்தது பழியைப் போட ஓர் இடம். கிடைத்துவிட்டது. முன்பு பார்த்த இடம் செத்துப்போனது, இது உயிரோடு இருக்கிறது, கையெழுத்தும் போடும். அதிகாரி எழுதிக்கொண்டார். கண்டக்டரின் பெயருக்கு நேரே இருந்ததை அடித்தார். அதைப் பார்த்தபோது அவளுக்கு முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. அதுவாவது நடந்ததே என்றிருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் தெருக்காரர்கள் அவளைக் கடந்து போனார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. கடைசியாக அண்ணி வந்தாள், பக்கத்தில் நின்றாள். அவளுடைய கைகளில் இன்னும் ஆஸ்பத்திரிச் சோப்பின் வாடை இருந்தது.

“அவர் பேரு போயிடுச்சா அதுலேர்ந்து?”

“போயிடுச்சு அண்ணி.”

“நல்லது.” அண்ணி தெருவைப் பார்த்தபடி சொன்னாள். “அன்னைக்கு மைக்குல நீ அழுததை நான் கேட்டேன். இன்னைக்கு இந்தப் பதிவையும் கேட்டேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏதாவது ஒரு வித்தியாசம் இருக்கும்னு நெனச்சேன். உன் குரல்ல, இல்ல பேச்சுல, ஏதோ ஒண்ணுல. அதை அவர் கவனிக்காம விட்டுட்டாரேன்னு இத்தனை நாளா அவர் மேலதான் எனக்குக் கோவம். கூடப் பொறந்தவ அழுகை புரியாதா ஒரு மனுஷனுக்குன்னு.” குரல் உயரவே இல்லை. “ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. எது நிஜம்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டும் எனக்குப் பிரிச்சுப் பாக்க முடியல. நான் அங்க இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.”

“அண்ணி” என்று அவள் உடைந்து அழுதாள்.

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே ஓர் அடி பின்னால் போனாள்.

“இப்பவும் தெரியல” என்றாள்.